பழைய ரெக்கார்டு பிளேயரை வீட்டிலேயே சீரமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்கள் பலவற்றில் இன்று தொழிலாளர் லயங்கள் இல்லை. அங்கிருந்தவர்கள் பட்டணத்துத் தாமான்களுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிகளுக்கு, குடிவந்தபோது தையல் இயந்திரத்தோடும் சாமி படங்களோடும் பாட்டுப் பெட்டியையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பெட்டிகளை இப்போது பிள்ளைகள் திறந்து பார்க்கிறார்கள். ஒரே விதமான சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டதால், கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, பதில்களை ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பிறகும் வருகின்றன. பெட்டியில் கை வைக்கும் முன் குறைந்தது முதல் மூன்று பதில்களையாவது படித்துவிடுங்கள்.

ஐயா, அப்பா வைத்திருந்ததை வீட்டில் எல்லாரும் கிராமபோன் என்கிறார்கள். அது உண்மையில் என்ன பெட்டி?

கைப்பிடியைச் சுற்றி, சுருள்வில்லின் விசையில் ஓடுவதுதான் கிராமபோன். அதற்கு மின்சாரம் தேவையில்லை. மின்கம்பி இருந்தால் அது ரெக்கார்டு பிளேயர். வானொலியும் ஒலிபெருக்கியும் சேர்ந்து ஒரு மேசை அளவுக்கு மரப்பெட்டியாக இருந்தால் அது ரேடியோகிராம். அந்தக் காலத்தில் கிராணியார் (தோட்ட எழுத்தர்) வீட்டிலும் டிரஸ்ஸர் (தோட்ட மருந்தகப் பணியாளர்) வீட்டிலும் கூடத்தின் நடுவில் இருந்தது அதுதான். தோட்டத்து வீடுகளில் அதிகம் இருந்தவை சூட்கேஸ் போல மூடி எடுத்துச் செல்லக்கூடிய ரெக்சின் உறை போட்ட பெட்டிகளும், பேட்டரியில் ஓடும் சிறிய பெட்டிகளும்.

பெயரைவிட, தட்டு எதனால் சுழல்கிறது என்பதே சீரமைப்பவருக்கு முக்கியம். சுழல்தட்டைக் கழற்றிப் பாருங்கள். மோட்டாருக்கும் தட்டின் உள்விளிம்புக்கும் நடுவில் ஒரு சிறிய ரப்பர் சக்கரம் இருந்தால் அது சக்கர வகை. காரர்ட், பிஎஸ்ஆர் போன்ற இங்கிலாந்துப் பெட்டிகளில் பெரும்பாலும் இதுதான். மெல்லிய ரப்பர் வளையம் இருந்தால் பெல்ட் வகை. இரண்டும் இல்லாமல் மோட்டாரின் அச்சிலேயே தட்டு உட்கார்ந்திருந்தால் நேரடி வகை. இந்த மூன்றாவது வகை 1970ஐ ஒட்டித்தான் சந்தைக்கு வந்தது.

சுழல்தட்டைக் கழற்றும்போது நடு அச்சில் ஒரு சிறிய கம்பி வளையம் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பல பெட்டிகளில் அது இருக்கும். ஒரு கையால் அதை மூடிக்கொண்டு மறு கையால் திருப்புளி முனையால் நெம்புங்கள்; மூடாமல் நெம்பினால் துள்ளி எங்காவது விழுந்துவிடும், பிறகு தேடிக் கிடைக்காது.

இருபது வருடமாக மேல்மாடத்தில் கிடந்தது. பிளக்கை மாட்டி ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடட்டுமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாப் பதில்களிலும் இது ஒன்றையாவது கடைப்பிடியுங்கள். என் கைக்கு வரும் பெட்டிகளில் பெரும்பாலானவை உண்மையில் பழுதானவை அல்ல, இறுகிப்போனவை. கிரீஸ் மெழுகாகியிருக்கும், எண்ணெய் வற்றியிருக்கும், ரப்பர் கல்லாகியிருக்கும். இவை எல்லாம் சரிசெய்யக்கூடியவை. ஆனால் இறுகிய மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தால் அது சுழல முடியாமல் சூடாகி, உள்ளே சுற்றியிருக்கும் கம்பி கருகிவிடும். அதன் பிறகு அது நிஜமாகவே பழுது.

மின்சாரம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை: மின்கம்பியின் உறை விரலால் வளைத்தால் வெடிக்கிறதா, உள்ளே எலி கடித்திருக்கிறதா, பல்லி முட்டையோ எறும்புப் புற்றோ இருக்கிறதா, வோல்ட் தேர்வுத் திருகு எந்த எண்ணில் நிற்கிறது. துணி சுற்றிய இரட்டைக் கம்பியாக இருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். பழைய பிரிட்டிஷ் கம்பிகளில் சிவப்பு மின்னோட்டக் கம்பி, கறுப்பு நடுநிலை, பச்சை பூமி இணைப்பு. இன்றைய கம்பியில் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள். மூன்று முனைப் பிளக்கில் 13 ஆம்பியர் ஃபியூஸை எடுத்துவிட்டு 3 ஆம்பியர் போடுங்கள். இந்தப் பெட்டிகளுக்கு அதுவே தாராளம்.

ஜப்பானிலிருந்து கண்டெய்னரில் வரும் பழைய சாமான் கடையில் அருமையான பெட்டி ஒன்று வாங்கினேன். வீட்டில் மாட்டலாமா?

பின்புறத்தில் உள்ள தகட்டைப் படியுங்கள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம்முடையது 230 வோல்ட், பழைய தகடுகளில் 240 என்று இருக்கும். அப்படியே மாட்டினால் சில நொடிகளில் புகை வரும். அதற்கு மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தேவை.

அதோடு முடிந்துவிடவில்லை. ஜப்பானின் கிழக்குப் பகுதியில் 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பகுதியில் 60 ஹெர்ட்ஸ். பழைய மோட்டார்களின் வேகத்தை வோல்ட் நிர்ணயிப்பதில்லை, இந்த ஹெர்ட்ஸ்தான் நிர்ணயிக்கிறது; டிரான்ஸ்ஃபார்மர் அதை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த பெட்டி நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்பது ஏறக்குறைய 27.8 ஆகிவிடும், பாடகியின் குரல் ஆண்குரல் போல இழுக்கும். மோட்டார் அச்சில் உள்ள சிறிய பித்தளைக் கப்பியை 50 ஹெர்ட்ஸ் கப்பியாக மாற்றினால் சரியாகும். குவார்ட்ஸ் கட்டுப்பாடு உள்ள நேரடி வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. வாங்கும் முன் தகட்டில் 50/60 என்று இரண்டும் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

வீட்டில் செய்ய என்னென்ன சாமான் வேண்டும்?

நல்ல திருப்புளிகள், மெல்லிய இடுக்கி, மல்டிமீட்டர், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், காதுக்குச்சி, பழைய பல்துலக்கி, தையல் இயந்திர எண்ணெய், வெள்ளை லித்தியம் கிரீஸ் சிறிது, ஈயம் பற்றவைக்கும் கருவி. தங்கம் நிறுப்பது போன்ற சிறிய மின்னணுத் தராசு ஒன்றும் பிறகு தேவைப்படும். கழற்றுகிற ஒவ்வொரு படியையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருகாணிகளை முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போட்டுவையுங்கள்.

தட்டு சுற்றவே இல்லை. மோட்டார் போய்விட்டது என்று கடைக்காரர் சொல்கிறார். வேறு மோட்டார் எங்கே கிடைக்கும்?

வேறு மோட்டார் தேடும் முன், பிளக்கைக் கழற்றிவிட்டு, மோட்டார் அச்சை விரலால் சுழற்றிப் பாருங்கள். லேசாக ஒரு சுண்டு சுண்டினால் அது சில சுற்றுகள் தானாக ஓட வேண்டும். ஒட்டினாற்போல் நின்றுவிட்டால் அச்சைப் பிடித்திருக்கும் தாங்கியில் (பேரிங்) எண்ணெய் வற்றி இறுகியிருக்கிறது என்று பொருள். மல்டிமீட்டரை மோட்டார் கம்பியின் இரு முனையில் வைத்தால் சில நூறு ஓம் காட்டுகிறதா? கம்பி உயிரோடு இருக்கிறது. கடைக்காரர் இந்த இரண்டையும் பார்க்காமல் சொல்லியிருந்தால் அந்தத் தீர்ப்பை ஏற்க வேண்டியதில்லை.

மோட்டாரின் மேலும் கீழும் துளைகளுள்ள வெண்கலத் தாங்கிகள் இருக்கும். பொடியை அழுத்திச் செய்த உலோகம், எண்ணெயைத் தனக்குள் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மோட்டாரைப் பிரித்து, பழைய பசையை ஆல்கஹாலில் துடைத்து, தாங்கிகளைத் தையல் இயந்திர எண்ணெயில் ஒரு இரவு ஊறவிடுங்கள். தாங்கியைச் சுற்றிக் கம்பளி வளையம் இருந்தால் அதிலும் சில சொட்டு விடுங்கள். மறுபடி பூட்டும்போது மேல் மூடியும் கீழ் மூடியும் நேராக அமர வேண்டும். திருகுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் அச்சைச் சுண்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் அச்சு பிடித்துக்கொள்ளும்.

சுழல்தட்டின் நடு அச்சையும் இதே போலத் துடைத்து எண்ணெய் விடவேண்டும். சில பெட்டிகளில் அச்சின் அடியில் கடுகைவிடச் சற்றுப் பெரிதாக ஒரே ஒரு எஃகுக் குண்டு இருக்கும். துடைக்கும் துணியோடு அது போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேங்காய் எண்ணெய் விட்டால் ஆகாதா? இல்லாவிட்டால் துருப்பிடித்த பூட்டுக்கு அடிக்கும் ஸ்பிரே?

இரண்டும் கூடாது. சமையல் எண்ணெய் எதுவானாலும் காற்றுப்பட்டுக் கெட்டுப் பிசினாகும். நாம் துடைத்தெடுப்பதே அந்தப் பிசினைத்தான். ஸ்பிரே துருவை இளக்கவும் ஈரத்தை விரட்டவும் நல்லது, ஆனால் சீக்கிரம் ஆவியாகிவிடும். பெட்டிக்குள் அடித்தால் ரப்பர் மேலும் தெறிக்கும். ரப்பர் படும் எந்தப் பரப்பிலும், அதாவது கப்பியிலும் தட்டின் உள்விளிம்பிலும், ஒரு துளி எண்ணெய்கூட இருக்கக்கூடாது.

ரப்பர் சக்கரம் கல் மாதிரி ஆகிவிட்டது. பெல்ட் கறுப்புப் பாகு மாதிரி ஒட்டுகிறது. ரப்பர் ஊரிலேயே இருந்துகொண்டு இதற்கு வழியில்லையா?

கித்தாக் காட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மரத்திலிருந்து இறங்கும் பால் தானாகச் சக்கரமாவதில்லை. கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தினால்தான் அதற்கு உறுதியும் மீள்தன்மையும் வருகிறது. அந்தப் பதம் காலப்போக்கில் இரு வழியில் கெடுகிறது. சில ரப்பர் காற்றோடு வினைபுரிந்து மேலும் மேலும் இறுகிக் கல்லாகிறது. சில ரப்பரும் செயற்கைக் கலவையும் வெப்பத்தில் கட்டுவிட்டு, இளகிப் பாகாகின்றன. நம் ஊர் வெக்கையும் ஈரமும் இரண்டையும் விரைவுபடுத்துகின்றன.

இறுகிய சக்கரத்தைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். ஓரத்தில் நகத்தை அழுத்திப் பாருங்கள். சிறிதாவது தடம் பதிந்து மீண்டால் உள்ளே இன்னும் உயிர் இருக்கிறது. ஆல்கஹால் நனைத்த துணியால் பளபளப்பு போகும்வரை துடைத்து, மெல்லிய உப்புத்தாளைப் பிடித்துச் சக்கரத்தைச் சுழலவிட்டு, மேல்தோலை மட்டும் ஒரே சீராக எடுங்கள். கறுப்பு மங்கி, சாம்பல் நிறப் பரப்பு தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் எடுத்தால் விட்டம் குறையும். கப்பியும் தட்டின் உள்விளிம்பும்கூட ஆல்கஹாலில் துடைக்கப்பட வேண்டும். சக்கரத்தை மட்டும் சுத்தம் செய்து இவற்றை மறந்தால் வழுக்கல் நிற்காது.

ஓரத்தில் ஒரு இடம் தட்டையாகப் பள்ளம் விழுந்திருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டொக்' என்று சத்தம் வரும். பெட்டியை நிறுத்தாமல் பிளக்கை மட்டும் பிடுங்கி வைத்ததால், சக்கரம் வருடக்கணக்கில் கப்பியில் அழுந்திக் கிடந்த தடம் அது. பள்ளம் ஆழமாக இருந்தால் சக்கரத்துக்குப் புது ரப்பர் கட்டித் தருபவர்களிடம் அனுப்புவதுதான் வழி. பாகாகிப்போன பெல்ட்டுக்கு மருந்து கிடையாது. மண்ணெண்ணெயைத் தொடாமல் ஆல்கஹாலால் துடைத்து எடுத்துவிட்டுப் புதிது வாங்குங்கள். பழைய பெல்ட்டின் நீளம் தெரியாவிட்டால், பெல்ட் ஓடும் வழியில் ஒரு நூலைச் சுற்றி அளந்து, அதைவிட நூற்றுக்கு ஐந்து பங்கு குறைவான வட்ட நீளம் கேளுங்கள்.

ஓடுகிறது. ஆனால் வேகம் சரியா என்று காதுக்குப் பிடிபடவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

கோடுகள் அச்சிட்ட ஒரு வட்டத் தாளைத் தட்டின் மேல் வைத்து, விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை மின்னுகிறது. 33⅓ வேகத்துக்கு 180 கோடுகள், 45க்கு 133, 78க்கு 77. வேகம் சரியாக இருந்தால் கோடுகள் நின்றது போலத் தோன்றும். முன்னோக்கி ஊர்ந்தால் வேகம் கூடுதல், பின்னோக்கி ஊர்ந்தால் குறைவு. இணையத்திலிருந்து எடுக்கும் வட்டத்தில் 216 கோடுகள் இருந்தால் அது 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்கானது, நமக்கு உதவாது. இன்றைய எல்இடி விளக்குகள் பல இப்படி மின்னுவதில்லை. பழைய குண்டு பல்போ குழல்விளக்கோ தேவை.

வேகம் குறைவாக இருந்தால் பத்துக்கு ஒன்பது முறை காரணம் வழுக்கலோ இறுகிய தாங்கியோதான். மேலே சொன்ன இரண்டு பதில்களுக்கும் திரும்பிப் போங்கள்.

பாட்டு முடிந்தால் ஊசியைத் தாங்கும் கை தானாகத் திரும்ப வேண்டும். பாதி வழியில் நின்றுகொண்டு தட்டும் சேர்ந்து நின்றுவிடுகிறது. உடைந்துவிட்டதா?

பாட்டுத் தட்டுகளை அடுக்கி வைத்தால் ஒவ்வொன்றாக விழும் தானியங்கிப் பெட்டிகளில் இது எல்லாருக்கும் வருகிறது. சுழல்தட்டின் அடியில் ஒரு பெரிய பற்சக்கரம் இருக்கும். அதன் அடிப்பள்ளத்தில் ஓடும் நெம்புகோல்தான் கையைத் தூக்கி, நகர்த்தி, இறக்குகிறது. அந்தப் பள்ளத்தில் ஐம்பது வருடத்து கிரீஸ் மெழுகாக உறைந்திருக்கும். முழுவதையும் வழித்தெடுத்து, ஆல்கஹாலால் துடைத்து, புது கிரீஸை மெல்லியதாகப் பூசுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

பற்சக்கரத்தின் மேல் சுட்டுவிரல் நக அளவில் தளர்வாக ஆடும் ஒரு சிறு தகடு இருக்கும். பாட்டின் கடைசி வளையத்தில் கை விரைந்து உள்ளே நகர்வதை உணர்ந்து இயக்கத்தைத் தொடங்கி வைப்பது அதுதான். ஊதினால் அசையும் அளவுக்கு அது லேசாக ஆட வேண்டும். அதைத் துடைத்துவிட்டு உலர்வாகவே விடுங்கள். அங்கே எண்ணெயோ கிரீஸோ போட்டவர்களின் பெட்டி, பாட்டு முடிந்தும் கடைசி வளையத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். அல்லது பாட்டின் நடுவிலேயே கையைத் தூக்கிவிடும்.

எல்லாம் சுழல்கிறது, சத்தம் மட்டும் இல்லை. ஊசியின் பக்கத்தில் காதை வைத்தால் மெல்லியதாகக் கேட்கிறது.

ஊசி வேலை செய்கிறது; அதன் அதிர்வை மின்சாரமாக்கும் கார்ட்ரிட்ஜ் வேலை செய்யவில்லை. 1950, 60களின் பெட்டிகளில் கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ் அதிகம். அதன் உள்ளே இருப்பது ராஷல் உப்பு என்ற படிகம். உப்பு என்ற பெயருக்கு ஏற்ப அது ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். குளிர்நாட்டில் இன்னும் சில பிழைத்திருக்கலாம். நம் ஊர் ஈரத்தில் உயிரோடு இருக்கும் கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜை எதிர்பார்க்காதீர்கள். அதே அளவில், அதே எடையில் ஓடும் பீங்கான் வகைக் கார்ட்ரிட்ஜைப் போடுங்கள். அது ஈரத்துக்கு அஞ்சாது.

கார்ட்ரிட்ஜைக் குற்றம் சொல்லும் முன் இன்னொன்றையும் பாருங்கள். தானியங்கிப் பெட்டிகளில் கை நகரும்போது வரும் கடகட சத்தத்தை மறைக்க ஒரு சிறிய சுவிட்ச் ஒலியைத் துண்டிக்கும். அதன் தொடுமுனை அழுக்கேறி ஒட்டிக்கொண்டால் ஒரு பக்கமோ இரு பக்கமுமோ ஊமையாகிவிடும். மின்தொடுமுனை துடைக்கும் திரவத்தில் நனைத்த தாளை அதன் இடுக்கில் நுழைத்து இழுத்தால் போதும். கைக்குள் ஓடும் நான்கு கம்பிகளும் தலைமுடி போல மெல்லியவை, இழுத்துவிடாதீர்கள். வெள்ளையும் நீலமும் இடப்பக்க ஒலிக்கு, சிவப்பும் பச்சையும் வலப்பக்க ஒலிக்கு.

ஊசியை மாற்றாமல் 78 தட்டையும் எல்பியையும் ஓட்டலாமா? என்னிடம் இரண்டும் இருக்கிறது.

கூடாது. 78 தட்டின் பள்ளம் அகலமானது, அதற்கு ஏறக்குறைய 3 மில் முனையுள்ள ஊசி வேண்டும். 1948இல் வந்த எல்பியின் நுண்பள்ளத்துக்கு அதில் நான்கில் ஒரு பங்கு, சுமார் 0.7 மில் போதும். ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எல்பி ஊசியை 78இல் வைத்தால் பள்ளத்தின் அடியில் உள்ள குப்பையை உழுதுகொண்டு போகும். 78 ஊசியை எல்பியில் வைத்தால் பள்ளத்தின் இரு சுவரையும் அறுத்துவிடும். பல கார்ட்ரிட்ஜ்களில் ஊசியைத் திருப்பிப் போடும் சிறு நெம்புகோல் இருக்கும்; ஒரு பக்கம் எல்பி, மறுபக்கம் 78 என்று எழுதியிருக்கும். தட்டை வைக்கும் முன் அதைப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

முனை நீலக்கல்லா வைரமா என்றும் கேட்டு வாங்குங்கள். நீலக்கல் சுமார் 50 மணி நேரத்தில் தேயும், வைரம் பல நூறு மணி நேரம் தாங்கும். அப்பா காலத்து ஊசி எதுவானாலும் தேய்ந்ததாகவே எண்ணி மாற்றிவிடுங்கள். தேய்ந்த ஊசி தட்டைக் கெடுக்கும். புது ஊசி கிடைக்கும், தோட்டத்துத் திருவிழாவில் வாங்கிய அந்தத் தட்டு இனிக் கிடைக்காது.

ஊசி தாவுகிறது. பத்துக் காசை ஒட்டினால் நிற்கிறதே, அது தப்பா?

தப்புதான். பத்துக் காசின் எடை ஏறக்குறைய மூன்று கிராம். காந்தக் கார்ட்ரிட்ஜ் ஒன்றரை முதல் இரண்டு கிராம் வரை அழுத்தத்தில் ஓடவேண்டியது. பீங்கான் வகை நான்கிலிருந்து ஆறு. காசை வைத்தால் ஒன்றில் இரட்டிப்புக்கு மேலும் மற்றொன்றில் ஒன்றரை மடங்குக்கு மேலும் அழுத்தம் கூடுகிறது. தாவல் நிற்பது உண்மை. அதற்கு விலையாகப் பள்ளம் தேய்கிறது.

தாவுவதற்கான காரணத்தைத் தேடுங்கள். பெட்டி மட்டமாக இருக்கிறதா? கையின் தாங்கியில் பழைய பசை பிடித்திருக்கிறதா? அடியிலிருந்து வரும் கம்பி கையை இழுக்கிறதா? தட்டில் கீறலா, அழுக்கா? இவை எல்லாம் சரியாக இருந்தால் தராசை வைத்து ஊசியின் அழுத்தத்தை அளந்து, கையின் பின்னால் உள்ள எடையையோ சுருள்வில்லையோ திருகிச் சரிசெய்யுங்கள். தராசின் தட்டு சுழல்தட்டில் பாட்டுத் தட்டு இருக்கும் உயரத்திலேயே இருக்கவேண்டும். உயரம் மாறினால் சுருள்வில் பெட்டிகளில் கணக்கும் மாறும்.

அப்பாவின் மோனோ பெட்டியில் ஸ்டீரியோ தட்டு போடலாமா? ஒலி நன்றாகத்தானே வருகிறது?

ஒலி வரும், தட்டு கெடும். மோனோ தட்டில் ஊசி பக்கவாட்டில் மட்டும் அசைகிறது. 1958 முதல் பரவிய ஸ்டீரியோ தட்டில் மேலும் கீழும் கூட அசைய வேண்டும். பழைய மோனோ கார்ட்ரிட்ஜ் அந்தத் திசையில் இறுக்கமாக நிற்கும், அதனால் பள்ளத்தைச் செதுக்கிவிடும். ஸ்டீரியோவுக்கும் ஏற்ற கார்ட்ரிட்ஜைப் போட்டு இரண்டு பக்கக் கம்பிகளையும் ஒன்றாக இணைத்துவிட்டால் மோனோ பெட்டியிலேயே இரண்டு வகையையும் ஓட்டலாம்.

புது ஆம்ப்ளிஃபையரில் இணைத்தேன். ஒரு பெட்டியில் சத்தம் வரவே இல்லை, இன்னொன்றில் இரைச்சல். ஏன்?

கார்ட்ரிட்ஜ் வகை தெரியாமல் இணைத்ததால். காந்த வகை தருவது சுமார் ஐந்து மில்லிவோல்ட் மட்டுமே. அதற்கு ஃபோனோ என்று எழுதிய துளையோ தனி முன்பெருக்கியோ வேண்டும். பதிவின்போது தாழ்சுருதியைக் குறைத்து உச்சசுருதியைக் கூட்டியிருப்பார்கள். 1954இல் நிலைபெற்ற அந்த அளவீட்டைத் திருப்பிச் சரிசெய்வதும் முன்பெருக்கியின் வேலை. பீங்கான் வகை தருவது சில நூறு மில்லிவோல்ட். அதை ஃபோனோ துளையில் செருகினால் காது கிழியும். சாதாரணத் துளையில் செருகினால் ஒலி வரும், ஆனால் அடிநாதம் மெலியும். உள்ளீட்டுத் தடை ஒரு மெகாஓம் அளவுள்ள சிறு முன்பெருக்கி வைத்தால் மிருதங்கமும் தவிலும் திரும்பி வரும்.

இடைவிடாத 'ம்ம்ம்' இரைச்சல் என்றால் பூமிக் கம்பியைப் பாருங்கள். பெட்டியின் அடியிலிருந்து வரும் தனி மெல்லிய கம்பி ஆம்ப்ளிஃபையரின் பூமித் திருகில் இருக்கவேண்டும்.

உள்ளே கண்ணாடி வால்வு இருக்கிறது. மூடியைத் திறந்து நானே துடைக்கலாமா?

தூசியைத் தூரிகையால் தட்டலாம். அதற்கு மேல் வேண்டாம். வால்வுப் பெட்டியின் உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகள் அதைச் சிறிது நேரம் பிடித்து வைத்திருக்கும்.

இன்னும் அபாயமான ஒரு வகை இருக்கிறது. விலை குறைந்த சிறிய பெட்டிகள் சிலவற்றில் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. உலோகச் சட்டம் நேராக வீட்டு மின்கம்பியோடு இணைந்திருக்கும். வால்வின் மேல் எழுத்து 'யு' என்று தொடங்கினால், உதாரணமாக யுசிஎல்82, அந்தச் சந்தேகம் வரவேண்டும். குமிழ் கழன்ற அச்சைத் தொட்டாலே உயிருக்கு ஆபத்து. இப்படிப்பட்ட பெட்டியை வால்வு வேலை தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். பழைய காகித மின்தேக்கிகளை மாற்றாமல் அதை ஓட்டவே கூடாது. சுழல்தட்டு, ரப்பர், கை ஆகிய வேலைகளை நீங்கள் செய்யுங்கள், மின்சுற்றை அவரிடம் விடுங்கள்.

எங்கள் தோட்டத்தில் இரவில் சில மணி நேரம்தான் மின்சார இஞ்சின் ஓடும். அதனால் தாத்தா பேட்டரி பெட்டி வைத்திருந்தார். பேட்டரி உள்ளேயே கசிந்து பச்சை பூத்திருக்கிறது.

அந்தக் காலத்துத் துத்தநாகப் பேட்டரியின் கசிவு அமிலத்தன்மை கொண்டது. சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவி, துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். பிற்காலத்து அல்கலைன் பேட்டரி கசிந்திருந்தால் அது காரம். அதற்குக் காடியோ எலுமிச்சைச் சாறோ வேண்டும். சுருள் முனை அரித்துப் போயிருந்தால் வேறு பழைய சாமானிலிருந்து எடுத்துப் பற்றவையுங்கள். இந்தப் பெட்டிகளின் வேகத்துக்கும் மின்சார ஹெர்ட்ஸுக்கும் தொடர்பில்லை. மோட்டாரின் பக்கத்தில் உள்ள சிறு திருகைத் திருப்பி, கோட்டுத் தாளைப் பார்த்து வேகத்தைச் சரிசெய்யலாம். சிறிய பெட்டி என்று இவற்றை ஒதுக்காதீர்கள். தோட்டத்து வாழ்க்கையில் அதிகம் பாடியவை இவைதான்.

தட்டுகளில் வெள்ளையாகப் பூஞ்சை. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நானும் செய்யவா?

அந்த அக்காவின் தட்டுகள் எல்பியாக இருந்தால் தப்பித்திருக்கும். 78 தட்டு அரக்கினால் ஆனது. ஸ்பிரிட்டில் உள்ள ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். ஒருமுறை துடைத்தாலே பளபளப்பு மங்கி, பாட்டு போய்விடும். கனமாக, வளையாமல், தட்டினால் ஓடு போலக் கணீரென்று ஒலித்தால் அது அரக்குத் தட்டு. இந்தியாவில் 1960களிலும் 78 தட்டுகள் அச்சாகிக்கொண்டிருந்ததால், அந்த ஆண்டுகளின் தமிழ்ப் பாட்டு என்பதற்காக எல்பி என்று முடிவு கட்டாதீர்கள்.

இரண்டு வகைக்கும் பொருந்தும் வழி: காய்ச்சி வடித்த தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. மென்மையான தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே சுற்றிச் சுற்றித் துடையுங்கள், குறுக்கே தேய்க்காதீர்கள். நடுவில் உள்ள காகிதத்தில் நீர் படக்கூடாது. சுத்தமான தண்ணீரால் மறுபடி துடைத்து, மின்விசிறிக் காற்றில் நிழலில் நிறுத்தி வையுங்கள். வெயிலில் வைத்தால் அரை மணி நேரத்தில் அப்பளம் போல நெளிந்துவிடும். பழைய காகித உறையில் பூஞ்சை இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது உள்ளுறை போடுங்கள். படம் போட்ட அட்டையைத் தனியாகத் துடைத்து வைத்துக்கொள்ளலாம்.

மரப்பெட்டியைக் கரையான் அரித்திருக்கிறது. புதிதாகப் பெயிண்ட் அடித்துவிடலாமா?

பெயிண்ட் வேண்டாம். கரையான் மருந்து கொடுத்து, அரித்த துளைகளை மரப்பிசினால் அடைத்து, மேல் பலகையின் பழைய மெருகை ஈரத்துணியால் துடைத்து மெழுகு தேயுங்கள். தேக்கின் நரம்பு மறுபடி தெரியும். பெட்டியின் கால்களுக்குக் கீழே பீங்கான் கிண்ணமோ ரப்பர் துண்டோ வைத்தால் தரை ஈரம் ஏறாது.

உள்ளே எல்லாவற்றையும் எடுத்துவிட்டு புளூடூத் வைத்தால் பேரப்பிள்ளைகளும் கேட்பார்களே?

கேட்பார்கள். ஆனால் உள்ளிருப்பதை எடுத்த பிறகு அது வெறும் மரப்பெட்டி. இந்த இயந்திரங்கள் பழுது பார்ப்பதற்கென்றே செய்யப்பட்டவை: திருகுகள் வெளியே தெரியும், எந்தப் பாகமும் தனியே கழலும். அந்தப் பண்பை அழிக்காதீர்கள். புளூடூத் வேண்டுமென்றால் பழைய கம்பி எதையும் வெட்டாமல் பின்பக்க உள்ளீட்டுத் துளையில் சிறிய கருவியைச் செருகுங்கள். நாளைக்கு எடுத்துவிட்டால் பெட்டி பழையபடி இருக்கவேண்டும்.

சாமான் எங்கே வாங்குவது? ஒரே மாதிரி இரண்டு பெட்டி இருந்தால் ஒன்றைப் பிரித்து மற்றொன்றுக்குப் போடலாமா?

மின்தேக்கி, கம்பி, சுவிட்ச் போன்றவற்றுக்குக் கோலாலம்பூரில் ஜாலான் பாசார். தட்டுகளும் சில பழைய பெட்டிகளும் பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலின் வார இறுதிச் சந்தையிலும், பினாங்கு லோரோங் குலிட் சந்தையிலும் பார்க்கக் கிடைக்கும். ஊசி, பெல்ட், சக்கரம் ஆகியவற்றை இணையத்தில் மாடல் எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். கார்ட்ரிட்ஜின் எண் பெட்டியின் எண்ணிலிருந்து வேறுபடும் என்பதால் இரண்டையும் எழுதிவையுங்கள்.

இரண்டு பெட்டி இருந்தால் முதலில் இரண்டையும் சுத்தம் செய்யுங்கள். மெழுகான கிரீஸை எடுத்த பிறகு இரண்டுமே ஓடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மரமும் சட்டமும் மீட்க முடியாத அளவு போயிருந்தால் மட்டும் ஒன்றை உதிரிக்கு ஒதுக்குங்கள்.

சரி செய்தாயிற்று. இனி எப்படி வைத்துக்கொள்வது?

மாதம் ஒரு முறையாவது ஒரு தட்டு முழுவதும் ஓடவிடுங்கள். எண்ணெய் ஓரிடத்தில் தேங்காது, ரப்பரும் ஒரே பக்கம் அழுந்தாது. பாட்டு முடிந்ததும் பெட்டியின் சொந்த விசையால் நிறுத்துங்கள். சுவரில் உள்ள சுவிட்சால் நிறுத்தினால் ரப்பர் சக்கரம் கப்பியோடு ஒட்டி நின்றுவிடும், மேலே சொன்ன பள்ளம் மறுபடி விழும். வருடத்துக்கு ஒருமுறை நடு அச்சுக்கு இரண்டு சொட்டு எண்ணெய். இடி மழைக்கு முன் பிளக்கைக் கழற்றுங்கள்.

காரில் கொண்டுபோவதாக இருந்தால் சுழல்தட்டைக் கழற்றித் தனியாகச் சுற்றி, கையை நாடாவால் கட்டி, மேல்தகட்டில் உள்ள இரண்டு மூன்று பயணத் திருகுகளை இறுக்கிவிடுங்கள். போய்ச் சேர்ந்ததும் அவற்றைத் தளர்த்துங்கள். தளர்த்தாமல் ஓட்டினால் மோட்டாரின் அதிர்வு நேராகத் தட்டுக்கு ஏறி, பாட்டுக்கு அடியில் 'கும்ம்' என்ற ஓசை நிற்காமல் கேட்கும். சீரமைத்த பிறகும் இரைகிறதே என்று கொண்டுவரும் பெட்டிகளில் நான் முதலில் பார்ப்பது இந்தத் திருகுகளைத்தான்.